கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி யாருக்குச் சொந்தம்?



வண்ணாரப்பேட்டையிலோ, ராயபுரத்திலோ வயதான பாட்டி யாராவது இருந்தால், "ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும் ஆயா?" என்று கேட்டுப் பாருங்கள். "எது... கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்!

ஆஸ்பத்திரிக்கும் கஞ்சித்தொட்டிக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தெரிந்துகொண்டால், இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். வாருங்கள், 240 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போய்ப் பார்ப்போம்.

பசியில் பிறந்த மருத்துவமனை

1780-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் பாழாயின. வயல்களில் விளைச்சல் இல்லை. பசியோடு மக்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். 1782-ல் பஞ்சம் தலைவிரித்து ஆடியது.

அப்போது ஊர் மணியக்காரர் ஒருவர் பெரிய தொட்டியில் கஞ்சி காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றினார் என்று சொல்வார்கள். 'மணியக்காரர் சத்திரம்' என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் நுழையவில்லை. 'மானேகார் சவுல்ட்ரி' ஆக்கிவிட்டார்கள்!

வெறும் வயிற்றோடு வந்தவர்களில் பலருக்குக் காய்ச்சலும், பேதியும், புண்ணும் இருந்தன. கஞ்சி மட்டும் போதுமா? மருந்தும் வேண்டுமே! 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் உள்ளூர் மக்களுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் அது சத்திரத்தோடு சேர்ந்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியும் பிறந்தது.

அங்கே வளர்ந்த மருத்துவப் பள்ளிக்கு, சென்னை கவர்னராக இருந்த ஸ்டான்லியின் பெயர் வைக்கப்பட்டது. 1938-ல் அது மருத்துவக் கல்லூரி ஆனது. பெயர் மாறினாலும், பாட்டிகளின் வாயில் இன்னும் 'கஞ்சித்தொட்டி'தான்.

ஸ்டான்லி மட்டுமல்ல. ராயபுரத்தில் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' மகப்பேறு மருத்துவமனை இருக்கிறதே, அந்த எழுத்துகளுக்கு விரிவாக்கம் தெரியுமா? ராஜா சர் ராமசாமி முதலியார். சென்ட்ரல் ரயில் நிலையம் எதிரே சத்திரம் கட்டிக் கொடுத்த அதே வள்ளல்தான் இவர். தாய்மார்களுக்காக இந்த மருத்துவமனைக்கும் கொடை கொடுத்தார்.

பக்கத்திலேயே 'ரெய்னி' மருத்துவமனை. 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார் மெடில்டா மெக்பெயில் என்ற பெண் டாக்டர். அந்தக் காலத்தில் பெண்கள் ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். நோயோடு வீட்டுக்குள்ளேயே கிடப்பார்கள். அவர்களுக்காக ராயபுரத்தில் சின்னதாக ஒரு மருந்தகம் திறந்தார். அதுதான் வளர்ந்து, 1914-ல் பெரிய மருத்துவமனையாக எழுந்தது.

பார்த்தீர்களா? கஞ்சி ஊற்றியவர் ஒருவர், பணம் கொடுத்தவர் ஒருவர், கடல் தாண்டி வந்து உழைத்தவர் ஒருவர். இப்படிப் பலர் கை சேர்ந்துதான் வடசென்னைக்கு மருத்துவமனைகள் கிடைத்தன.

பக்கத்தில் ஏன் இருக்க வேண்டும்?

"பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருந்தால் என்ன? வண்டி பிடித்துப் போனால் போயிற்று!" என்று நினைக்கலாம். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

மூளைக்கு ஆக்சிஜன் போகாவிட்டால், சில நிமிடங்களிலேயே அது பாதிக்கப்படத் தொடங்கிவிடும். பக்கவாதம் வந்தவருக்கு, மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமானால், ஒவ்வொரு நிமிடமும் உயிர் போராட்டம்தான்.

இவை அவசர நோய்கள். அடிக்கடி போகவேண்டிய நோய்களும் உண்டு. சிறுநீரகம் பழுதானவர், டயாலிசிஸ் செய்ய வாரத்துக்கு 2 அல்லது 3 முறை போக வேண்டும். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நாய் கடித்தால் ஒரு ஊசியோடு முடியாது. டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லாம் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தினக்கூலி வாங்கும் அப்பா, ஆஸ்பத்திரி தூரம் என்றால் என்ன செய்வார்? ஒரு நாள் சம்பளம் போகும். ஆட்டோவுக்கும் காசு போகும். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம்தான் ஆபத்து!

எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 'அவ்வளவுதானா' என்கிறீர்களா? அந்தச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ரயில் பெட்டிகள் மாதிரி வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு தூரம் என்று.

லாரி பிறந்த எண்ணூர், என்ஃபீல்டு பைக் பிறந்த திருவொற்றியூர், எண்ணெய் சுத்திகரிக்கும் மணலி என இந்தப் பகுதி முழுக்கத் தொழிற்சாலைகள். இயந்திரத்தில் கை மாட்டிக்கொள்ளும் விபத்துகள் இங்கே ஏராளம். அதனால்தான் 1970-களில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி, ஸ்டான்லியில் கைகளுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தார். நசுங்கிய விரல்களைச் சேர்த்து, மறுபடியும் சுத்தியல் பிடிக்க வைத்தார்கள் அங்கே. ஊருக்கு எந்த நோவோ, அதற்கேற்ற வைத்தியம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அந்த டிசம்பர் இரவு

2023 டிசம்பர் 26. ஊரே உறங்கும் நள்ளிரவு நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதிகளில் திடீரென மூக்கைத் துளைக்கும் நெடி! கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, மூச்சு திணறியது. கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் குழாய், கடலுக்கு அடியில் சேதமடைந்து வாயு கசிந்திருந்தது.

அம்மோனியா தண்ணீரோடு வேகமாகச் சேரக்கூடியது. கண்ணிலும், மூக்கிலும், நுரையீரலிலும் ஈரம் இருக்கிறது அல்லவா? அங்கே போய்ச் சேர்ந்து எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். அதிகமாகச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஆட்டோ, பைக், பஸ் என்று கிடைத்ததில் ஏறினார்கள். 50 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் தனியார் மருத்துவமனைகளுக்கும், சிலர் ஸ்டான்லிக்கும் கொண்டு செல்லப்பட்டார்கள்.

அதன் பிறகு மீனவ கிராம மக்கள் பல வாரங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து, ஆலைக்கு எதிராகப் போராடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து விசாரித்தது.

அந்த இரவை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் திறந்திருக்கும் கதவும், விழித்திருக்கும் டாக்டரும், நிரப்பி வைத்த ஆக்சிஜன் சிலிண்டரும் எவ்வளவு முக்கியம்! ஆலைகள் நிறைந்த ஊருக்கு ஆஸ்பத்திரி என்பது, மீனவருக்குப் படகு போல.

பூட்டுப் போடாமலே மூடலாம்!

இருக்கிற ஆஸ்பத்திரி எங்கே போய்விடும் என்கிறீர்களா? வாசலில் பூட்டுத் தொங்கினால்தான் மூடிவிட்டதாக அர்த்தம் என்று நினைக்காதீர்கள். முதலில் இரவு டாக்டர் பணியிடம் காலியாகும். 'பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்பார்கள். பிறகு ஸ்கேன் கருவி பழுதாகும். கட்டடம் இருக்கும், பெயர்ப் பலகை இருக்கும், சிகிச்சை மட்டும் இருக்காது. பானை இருந்து என்ன பயன், உள்ளே சோறு வேண்டுமே!

இப்படிப் பறிபோகப் பார்த்த மருத்துவச் சேவைகளை மக்கள் காப்பாற்றிய கதைகள் இரண்டைச் சொல்லட்டுமா?

கதை 1: உங்கள் தோளில் இருக்கும் தழும்பு

உங்கள் இடது தோளைப் பாருங்கள். சின்னத் தழும்பு தெரிகிறதா? நீங்கள் பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளம் அது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்கப் போடுவது.

அந்த ஊசி மருந்தைத் தயாரிக்க, 1948-ல் சென்னை கிண்டியில் ஓர் அரசு ஆய்வகம் ஏற்பட்டது. நீலகிரி மலையில் குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் அதைவிடப் பழசு, 1907-ல் தொடங்கியது. நாய்க்கடிக்கு மருந்து இல்லாமல் ஓர் இளம்பெண் இறந்துபோன துயரத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் தந்த பணத்தில் உருவானது. இமாசலப் பிரதேசத்தில் கசௌலியிலும் இப்படி ஓர் ஆய்வகம் உண்டு.

2008 ஜனவரியில் இந்த மூன்று இடங்களிலும் தடுப்பூசி தயாரிக்கும் உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. "தயாரிப்பு முறை இன்றைய தர விதிகளுக்கு ஏற்ப இல்லை" என்பது காரணம். தரம் முக்கியம்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், "ஓட்டை இருந்தால் கூரையை மாற்றுங்கள்; வீட்டையே ஏன் இடிக்கிறீர்கள்?" என்று ஊழியர்களும், டாக்டர்களும், பொதுநல அமைப்புகளும் கேட்டார்கள். எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் பேசினார்கள். நாடாளுமன்றக் குழு கண்டித்தது. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போடப்பட்டது.

இதற்கிடையே தடுப்பூசிகளுக்குத் தட்டுப்பாடும் வந்தது. கடைசியில், 2010-ல் தடை விலக்கப்பட்டது. ஆய்வகங்களைப் புதுப்பித்து, மறுபடி தயாரிக்க வழி பிறந்தது. இரண்டு ஆண்டு விடாமல் கேள்வி கேட்டதன் பலன்!

கதை 2: மழையில் நடந்த ஊர்

லண்டனில் லூயிஷம் என்று ஒரு பகுதி. சுமார் 3 லட்சம் பேர் வாழும் இடம். நம் தமிழர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரு சிவன் கோயில்கூட இருக்கிறது.

அங்கே உள்ள அரசு மருத்துவமனை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதன் அவசர சிகிச்சைப் பிரிவு அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால், பக்கத்துப் பகுதி மருத்துவமனைகளை நடத்திய வேறொரு நிர்வாகம் கடனில் மூழ்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட நியமிக்கப்பட்ட அதிகாரி 2012 அக்டோபரில் ஒரு யோசனை சொன்னார். 'லூயிஷம் மருத்துவமனையின் முழு அவசரப் பிரிவையும், மகப்பேறு பிரிவையும் எடுத்துவிடலாம்' என்று!

பக்கத்து வீட்டுக்காரர் கடனுக்கு நம் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இல்லையா இது?

லூயிஷம் மக்கள் என்ன செய்தார்கள்? கல் எறியவில்லை; பஸ்ஸை எரிக்கவில்லை. 2012 நவம்பர் மாதம், கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். டாக்டர்கள், நர்சுகள், ஆசிரியர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாக்கள் எல்லாரும் நடந்தார்கள். 2013 ஜனவரி 26-ம் தேதி நடந்த ஊர்வலத்தில் சுமார் 25 ஆயிரம் பேர்!

ஆனாலும் அடுத்த சில நாட்களில், "சேவைகள் குறைக்கப்படும்" என்று சுகாதார அமைச்சர் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போய்விடவில்லை மக்கள். உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்து, வழக்குப் போட்டார்கள். ஊர் நகர மன்றமும் வழக்குப் போட்டது. ஒரு நாடக அரங்கில் மக்கள் விசாரணை நடத்தி, நோயாளிகளையும் டாக்டர்களையும் பேச வைத்துப் பதிவு செய்தார்கள்.

2013 ஜூலை 31. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. "கடனில் மூழ்கிய நிர்வாகத்தைச் சரிசெய்யத்தான் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. பக்கத்து மருத்துவமனையில் கை வைக்க அதிகாரம் இல்லை" என்பது அதன் சாரம். அரசு மேல்முறையீடு செய்தது. அக்டோபரில் அங்கேயும் மக்களுக்கே வெற்றி!

கதை முடியவில்லை. 2014-ல் அரசு சட்டத்தையே திருத்தி, அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே, ஒரு முறை ஜெயித்தோம் என்று காவலை விட்டுவிட முடியாது. வேலி கட்டினால் போதாது, அவ்வப்போது வேலியைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

உரிமை இருக்கிறதா நமக்கு?

நிச்சயமாக! 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக 'படுக்கை இல்லை', 'வசதி இல்லை' என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் செலவழித்து உயிர் பிழைத்தார். விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்று அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது.

1996-ல் தீர்ப்பு வந்தது. அவசர நேரத்தில் அரசு மருத்துவமனை சிகிச்சை தராவிட்டால், அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்லக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் சிகிச்சை யாரோ போடும் பிச்சை அல்ல, தம்பி தங்கைகளே! தீப்பெட்டி வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. அந்த வரிப்பணத்தில் உங்கள் அம்மா கொடுத்த காசும் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

* ஒரு வரைபடம் போடுங்கள்: உங்கள் வீட்டை நடுவில் வையுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவம் பார்க்கும் இடம், 24 மணி நேர அவசரப் பிரிவு மூன்றையும் குறியுங்கள். நடந்து போக எத்தனை நிமிடம், ஆட்டோவில் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். சுவரில் ஒட்டிவையுங்கள்.

* 108 என்ற எண்ணைத் தம்பி, பாப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் இந்த ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தொடங்கியது. போன் செய்யும்போது தெருப் பெயரோடு, பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, தேவாலயம் என ஓர் அடையாளமும் சொல்ல வேண்டும்.

* உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் இவை நடக்கின்றன. "நம்ம சுகாதார நிலையத்தில் இரவில் டாக்டர் உண்டா?" என்று பெரியவர்கள் அங்கே கேட்கலாம்.

* ஊரில் ஒரு சேவை நின்றுவிட்டால், ஏன் என்று அப்பா, அம்மா எழுதிக் கேட்கலாம். அதற்காகவே 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

* ஆஸ்பத்திரிச் சுவரில் எச்சில் துப்புவது, குழாயைத் திறந்துவிடுவது, நர்ஸ் அக்காவிடம் கத்துவது கூடவே கூடாது. நம் வீட்டை நாமே அசிங்கம் செய்துவிட்டு, 'வீடு வேண்டும்' என்று கேட்க முடியுமா?

இப்போது தலைப்புக்கு வருவோம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி யாருக்குச் சொந்தம்?

அன்று கஞ்சி காய்ச்சியவருக்கும் சொந்தம். அந்தக் கஞ்சியைக் குடித்து உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தம். கை நசுங்கி வந்த தொழிலாளிக்கும், நள்ளிரவில் மூச்சுத் திணறி வந்த எண்ணூர்க் குழந்தைக்கும் சொந்தம். நாளைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டி, அங்கேயே டாக்டராக நிற்கப்போகிறவருக்கும் சொந்தம்.

அது நீங்களாகவும் இருக்கலாமே! என்ன, வரைபடம் போடப் பென்சில் எடுத்துவிட்டீர்களா?